வெள்ளி அங்கவடி வழக்கில் என்மீதே நான் கொடுக்கும் புகார்

அனுப்புநர்:
நினியன் கார்மைல்,
(கில்லோர்ன் பிரபு, இவ்வாண்டு மார்ச் 24 வரை இம்மாவட்டத்தின் பரம்பரை ஷெரீப்)
கில்லோர்ன் மாளிகை, ஸ்காட்லாந்து.

பெறுநர்:
திரு. ஹ்யூ ஆர்மிஸ்டன் அவர்கள்,
மன்னரால் நியமிக்கப்பெற்ற ஷெரீப்,
மாவட்ட நீதிமன்றம், கில்லோர்ன்.

பொருள்: வெள்ளி அங்கவடியைத் திருடியதாகக் கூறி, கிரிஸல் டன்னட் என்ற உப்புக்காரியை மாவட்ட எல்லையை விட்டுத் துரத்திய தீர்ப்பு பொய்யானது என்று அறிவிக்கவும், அத்தீர்ப்பை வழங்கிய என்மீது நடவடிக்கை எடுக்கவும் கோருதல் தொடர்பாக.

பார்வை: இந்நீதிமன்றப் பதிவேடு, 1741 அக்டோபர் 20. (பக்கத்தின் மேல்மூலையில் மது சிந்திய கறை இருக்கும். சிந்தியவன் நான்.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. இருபத்தேழு ஆண்டுகள் இதே கட்டடத்தில் உட்கார்ந்து பிறருடைய மனுக்களை வாங்கியவன் நான். எழுதிப் பழக்கமில்லை. நேற்று இதன் முதல் படியைக் கொண்டுவந்தபோது தங்கள் காவலர் என்னை வாசலில் உள்ள மரப்பலகையில் காத்திருக்கச் சொன்னார். அந்தப் பலகைக்கு ஒரு கால் குட்டை என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும். பதவிகள் போனதற்கு நஷ்டஈடு கேட்டு நான் எடின்பரோவுக்கு அனுப்பிய மனு வேறு; இது வேறு. அந்த மனுவிலும் ஒரு பொய் இருக்கிறது. அதைப் பத்தி ஏழில் சொல்கிறேன்.

2. என் குடும்பத்துக்கு மூன்று பரம்பரைப் பதவிகள் இருந்தன. முதலாவது, மாவட்டத்தில் வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பு வழங்கும் ஷெரீப் பதவி. தந்தை கண்ணை மூடினால் மகன் நாற்காலியில் ஏறுவான். சட்டம் படித்தானா என்று ஒருவரும் கேட்பதில்லை. நான் படிக்கவில்லை. இரண்டாவது, மன்னரின் கடற்கோட்டைக்குக் காவலர் பதவி. அந்தக் கோட்டைக்கு என் பாட்டனார் காலத்திலிருந்தே கூரை கிடையாது. உள்ளே ஆடுகள் படுக்கும். மூன்றாவது, மன்னர் இம்மாவட்டத்துக்குள் வந்து குதிரையை விட்டு இறங்கும்போது, சேணம் சரியாமல் இருக்க வலப்பக்க அங்கவடியை, அதாவது சேணத்தில் தொங்கும் கால்மிதி வளையத்தை, பிடித்துக்கொள்ளும் உரிமை. மன்னர் வந்து நூறு வருடம் ஆகிறது. ஆனாலும் அந்த உரிமைக்கு அடையாளமாக வெள்ளியில் செய்த அங்கவடி ஒன்று எங்கள் வீட்டுச் சமையல்கட்டுக்குப் போகும் நடையில், ஓர் ஆணியில், பரம்பரையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. என் குடும்பத்தார் அதைத் தொட்டுக் கும்பிடாத குறைதான்.

3. 1745-ல் மன்னருக்கு எதிராக மூண்ட கலகம் அடங்கிய பின் பாராளுமன்றம் கொண்டுவந்த சட்டத்தால் முதல் இரண்டு பதவிகளும் போய்விட்டன. சம்பளத்துக்கு வேலை செய்யும், சட்டம் படித்த தாங்கள் வந்திருக்கிறீர்கள். வந்த அன்று தங்களைப் பற்றி என் சாப்பாட்டு மேசையில் நான் பேசிய பேச்சு தங்கள் காதுக்கும் வந்திருக்கும். அதற்கும் இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் ஐயா, பதவி போனாலும் நான் கொடுத்த தீர்ப்புகள் போகவில்லை. அவற்றை இனி தாங்கள்தான் மாற்ற முடியும். அதனால்தான் வந்தேன்.

4. நடந்தது இது. 1741 அக்டோபர் 13 அன்று என் வீட்டில் விருந்து. பக்கத்து மாவட்டத்துப் பிரபுக்கள் நால்வர் வந்திருந்தார்கள். எல்லோரும் குதிரையில் உலாவப் போகலாம் என்றார்கள். பெருமை காட்டும் ஆசையில் அந்த வெள்ளி அங்கவடியைக் கழற்றி என் சேணத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். சதுப்பு நிலத்தில், அடுப்பில் விறகுபோல் எரிக்க மண்கட்டி வெட்டிய பள்ளங்களைத் தாண்டுவதில் பந்தயம். நான் தாண்டினேன், குதிரை தாண்டவில்லை. சேறும் தண்ணீருமாக வீட்டுக்கு வந்தேன். நிறையக் குடித்திருந்தேன். வந்ததும் அங்கவடியை ஆணியில் மாட்டியதாக எனக்கு நன்றாக நினைவிருந்தது. எப்போது எடுத்தாலும் நானே எடுத்து நானே மாட்டுவது வழக்கம். நூறு முறை மாட்டிய கை, நூற்றோராவது முறையும் மாட்டியதாகவே சொன்னது. நான் வேண்டுமென்றே பொய் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பொய் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

5. மறுநாள் காலையில் ஆணி வெறுமையாக இருந்தது. அன்று காலை நடையில் வந்துபோன வெளியாள் ஒருத்திதான்: கிரிஸல் டன்னட். என் கடற்கரைக் கொட்டகையில் உப்புக் காய்ச்சும் ஆடம் ஸ்கூகலின் மனைவி. கூடையை முதுகில் கட்டிக்கொண்டு வீடு வீடாக உப்பு விற்பாள். வாய் அடங்காதவள் என்று பெயர். அவளைப் பிடித்து வந்தோம். சாட்சிக்கு என் சமையல்காரி நின்றாள். திருடியதைப் பார்த்தாயா என்றால் இல்லை என்றாள். ஆனால் அதற்கு முந்தின மாதம் கிரிஸல் அந்த அங்கவடியைக் கையில் எடுத்துப் பார்த்துச் சொன்னதாக ஒன்றைச் சொன்னாள். பதிவேட்டில் இருக்கிறபடியே தருகிறேன்:

"ராஜா எங்க வரப்போறாரு? இத சும்மா தொங்கவிடுறதுக்கு எனக்குக் குடுத்தா உப்பாவது அள்ளுவேன்."

நீதிமன்றமே சிரித்துவிட்டது, ஐயா. என் காது மடல் எரிந்தது இன்றும் நினைவிருக்கிறது. அவளைப் பார்த்து, நீ இப்படிச் சொன்னாயா என்று கேட்டேன்.

"சொன்னேன் எசமான். இப்பவும் சொல்றேன். ஆனா எடுக்கல. எடுக்கிறவ சொல்லிட்டா எடுப்பா?"

இதைவிட நல்ல வாதத்தை அந்த நீதிமன்றத்தில் ஒரு வக்கீலும் வைத்ததில்லை. நான் கேட்கவில்லை. பொருளைப் பறிகொடுத்தவன் நான். ஆணியில் மாட்டினேன் என்று சத்தியம் செய்த சாட்சி நான். தீர்ப்புச் சொன்னவனும் நான். மூன்று பேராக நானே இருந்தால் அவளுக்காகப் பேச நாற்காலி எங்கே மிச்சம் இருக்கும்? திருட்டுக்குப் போதிய சாட்சி இல்லையே என்று எழுத்தர் பிட்டில்லோ காதோடு காதாகச் சொன்னார். அவளைத் தூக்கில் போடவில்லையே, அதுவே கருணை என்றேன். இதை எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

6. ஆயுள் முழுவதும் மாவட்டத்துக்குள் கால் வைக்கக்கூடாது. வைத்தால் தெருத்தெருவாகச் சாட்டையடி, கன்னத்தில் சூடு. இதுதான் தீர்ப்பு. ஊர் அறிவிப்புகள் வாசிக்கும் சந்தைச் சிலுவைத் தூணடியில் முரசறைந்து அவள் பெயரையும் குற்றத்தையும் வாசித்தார்கள். பிறகு முரசு முன்னே போக, அவளைத் தலைமுக்காடு இல்லாமல் நடத்திக் கொண்டுபோய் லெர்ன் ஓடையைத் தாண்டவைத்தார்கள். தங்களுக்குத் தெரியும், அந்த ஓடைதான் மாவட்ட எல்லை. கடல் உள்வாங்கும் நேரத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர். அக்கரையில், உப்புக் கொட்டகைக்கு நேர் எதிரே, பாழடைந்து கிடந்த ஒரு மீனவக் குடிசையில் அவள் இருக்கத் தொடங்கினாள். ஏழு வருடமாக அங்கேதான் இருக்கிறாள்.

கணவன் ஏன் கூடப் போகவில்லை என்று வெளியூர்க்காரரான தாங்கள் கேட்கலாம். போக முடியாது. உப்புக் காய்ச்சுகிறவனும் நிலக்கரி வெட்டுகிறவனும் அந்தந்தப் பண்ணைக்கு ஆயுளுக்கும் கட்டுப்பட்டவர்கள். விட்டு ஓடினால் தன்னைத்தானே திருடிய திருடன் என்கிறது நம் சட்டம். ஆடம் என்னுடையவன். நான் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அவன் அந்த முழங்கால் தண்ணீரைத் தாண்டி மனைவியிடம் போயிருப்பான். போடவில்லை. நல்ல உப்புக்காரன், அவனைப்போல் இன்னொருவன் கிடைக்கமாட்டான் என்று மேற்பார்வையாளர் சொன்னார். ஒரு புத்தாண்டு நாளில் ஆடம் சொல்லாமல் அக்கரைக்குப் போய் அவளோடு ஒருவேளை சாப்பிட்டு வந்தான். அதற்காக அவனைத் தேவாலயச் சுவரில் உள்ள இரும்புக் கழுத்துவளையத்தில் ஒரு பகல் முழுவதும் பூட்டிவைக்க உத்தரவிட்டவனும் நான்தான்.

அதன்பிறகு அவர்கள் ஓடைக்கு அந்தப்பக்கம் ஒருத்தியும் இந்தப்பக்கம் ஒருவனுமாக நின்று, அந்தி சாய்வதற்குள் கத்திக் கத்திப் பேசிக்கொள்வார்கள். ஊரே கேட்கும். கேட்டுச் சிரிக்கவென்றே ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வருவார்கள். ஒருமுறை நானும் குதிரையை நிறுத்திக் கேட்டிருக்கிறேன்.

"கஞ்சிக்கு உப்புப் போட்டியா?"

"மறந்துட்டேன்டி."

"அடப் பாவி மனுசா, நாளெல்லாம் உப்புல கெடக்குற, ஒரு கை அள்ளிப் போடத் தெரியல!"

நானும் சிரித்தேன், ஐயா. சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

7. 1744 ஜூன் மாதம். சதுப்பு நிலத்தில் மண்கட்டி வெட்டிக்கொண்டிருந்த டூகல் என்பவர், குதிரையில் போன என்னை நிறுத்தி, கறுத்துப்போன ஒரு பொருளைத் துடைத்துக் கொடுத்தார். வெள்ளி அங்கவடி. அதில் அறுந்த வாரும் என் சேணத்துக் கொக்கியும் அப்படியே இருந்தன. வாங்கிக்கொண்டேன். டூகல் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"எசமான், அப்போ அந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். அதைக் கொண்டுபோய் என் படுக்கையறைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அடுத்த நீதிமன்ற நாளில் தீர்ப்பைத் திரும்பப் பெறுவது என்று எண்ணினேன். அந்த நாள் வந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். அதற்கடுத்த நாள் வந்தது. வேறு வழக்குகள் இருந்தன. பிட்டில்லோவிடம் மட்டும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"பிரபு, ஷெரீப்பே பொய்ச் சத்தியம் பண்ணிட்டார்னு ஒரு தடவ ஊருக்குத் தெரிஞ்சா, அப்புறம் நீங்க குடுத்த ஒவ்வொரு தீர்ப்பையும் தூக்கிட்டு வந்து நிப்பாங்க. யோசிச்சுக்குங்க."

யோசித்தேன். நான்கு வருடம் யோசித்தேன். சென்ற ஆண்டு நஷ்டஈட்டு மனுவுக்காகப் பதவிகளின் பட்டியலையும் அடையாளப் பொருள்களின் பட்டியலையும் எழுதியபோது, "வெள்ளி அங்கவடி: உப்புக்காரி ஒருத்தியால் திருடப்பட்டுக் கிடைக்காமலே போனது" என்று என் கையாலேயே எழுதினேன். எழுதிய மேசைக்கு நான்கடி தூரத்தில்தான் அந்தப் பெட்டி இருந்தது. இதுதான் ஒன்றாம் பத்தியில் சொன்ன பொய். எடின்பரோவுக்கும் தனியே கடிதம் எழுதிவிட்டேன்.

8. இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. மறைக்கலாம் என்றுதான் முதல் படியில் விட்டிருந்தேன்.

என் அதிகாரம் இருந்த கடைசி நாள் இவ்வாண்டு மார்ச் 24. அன்று கடைசி நீதிமன்றம் கூட்டினேன். கிரிஸலின் தீர்ப்பை நீக்கும் உத்தரவை முதல்நாளே எழுதி, கோட்டின் உள்பையில் வைத்திருந்தேன். எடுத்து வாசித்தால் போதும். இன்னொருவரிடம் கேட்க வேண்டியதில்லை. கூட்டம் நிரம்பி வழிந்தது. நான் எழுந்தபோது பண்ணைக்காரர் ஒருவர், "எங்க ஷெரீப் மாதிரி நியாயஸ்தர் இனிமே எங்க வரப்போறார்!" என்று கத்தினார். எல்லோரும் தொப்பியை எறிந்து ஆரவாரம் செய்தார்கள். சில பெண்கள் அழுதார்கள். என் கை கோட்டுக்குள் காகிதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. நெஞ்சில் கைவைத்து நிற்பதாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நான் அப்படியே நின்று நன்றி சொன்னேன். பிறகு எல்லோருக்கும் மதுவும் இறைச்சியும் கொடுத்தேன். மறுநாள் விடிந்தபோது அந்த உத்தரவு வெறும் காகிதம்.

கையில் அதிகாரம் இருந்த நாளெல்லாம் மனசாட்சியை வாயைப் பொத்தி உட்காரவைத்தேன். இப்போது அது பேசுகிறது. அதிகாரம் தங்கள் மேசையில் இருக்கிறது.

9. சென்ற மாதம் 12-ம் தேதி நான் ஓடைக்கரை வழியாக வந்துகொண்டிருந்தேன். அக்கரையில் கிரிஸல் நின்றாள். ஏழு வருடத்தில் தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்பவள், அன்று அவளே கூப்பிட்டாள்.

"எசமான்! ஆடம் மூணு நாளா கரைக்கு வரல. இருக்கானா செத்தானான்னு யாராவது பாத்துச் சொல்லுங்க. உங்க புண்ணியமாப் போகும்."

நானே கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். அதுவரை நான் அவன் வீட்டுக்குள் போனதில்லை. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இரைக்க, படுக்கையில் கிடந்தான். உப்புக் கொப்பரையின் புகையில் முப்பது வருடம் நின்றவன். மருத்துவரை வரவழைத்தேன். அன்றே அவனைப் பண்ணைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்துக் கையெழுத்திட்டு, அந்தக் காகிதத்தை அவன் கையில் கொடுத்தேன். அவன் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டினேன்.

"இப்ப எதுக்கு எசமான் இது? எந்திரிச்சு ஓடை வரைக்கும் போக முடிஞ்சா போதும். அவகிட்ட கொஞ்சம் சண்ட போடணும்," என்றான்.

அவனை ஈரத்தில் அக்கரைக்குத் தூக்கிப் போகக்கூடாது, அங்கே அந்த ஓட்டைக் குடிசையில் ஒரு இரவு தாங்கமாட்டான் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள்தான் இங்கே வரவேண்டும்.

10. திரும்பி ஓடைக்குப் போய் அவனுடைய நிலையைச் சொன்னேன். பிறகு, எனக்கே தெரியாமல், அங்கவடி கிடைத்துவிட்டது என்றும் சொன்னேன். நான்தான் தொலைத்தேன் என்றேன். மெல்லத்தான் சொன்னேன். இக்கரையில் உப்புக்காரர்கள் ஏழெட்டுப் பேர் விறகும் நிலக்கரியும் சுமந்துகொண்டு நின்றார்கள்.

"கேக்கல! ஓடை சத்தமா இருக்கு. கத்திச் சொல்லுங்க!" என்றாள்.

இன்னொருமுறை சொன்னேன்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா, எசமான்!"

முதல்முறையே அவளுக்குக் கேட்டுவிட்டது என்பது என் சந்தேகம். ஆனால் கேட்க எனக்கு என்ன யோக்கியதை? கில்லோர்ன் பிரபு ஓடைக்கரையில் நின்று, கைகளை வாயருகே குவித்து, மீன் விற்பவனைப்போலக் கத்தினேன்: "நீ திருடவில்லை! நான்தான் தொலைத்தேன்! நான்கு வருடமாக எனக்குத் தெரியும்!" உப்புக்காரர்கள் சுமையை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அவள் கல்லின்மேல் உட்கார்ந்தாள். பிறகு, "நாலு வருசமா?" என்று மட்டும் கேட்டாள். அதைக் கத்திக் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குக் கேட்டது.

உடனே வா, உன்னை யாரும் தொடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"நீங்க இப்ப யாரு எசமான்? உங்க பேச்ச எந்தக் காவக்காரன் கேப்பான்?"

உண்மை. ஒருவனும் கேட்கமாட்டான். அவள் கால் வைத்தால் சாட்டையும் சூடும் இன்றைக்கும் சட்டப்படி அவளுக்குக் காத்திருக்கின்றன, விதித்தவன் நான்.

11. அதன்பின் பிட்டில்லோ அவளுக்காக ஒரு கருணை மனு எழுதினார். அதில் அவள் கைநாட்டு வைத்தால் தாங்கள் மன்னிப்பு வழங்கக்கூடும் என்று அவருக்கு நம்பிக்கை இருந்தது. நானே அதை எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனேன். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தது. அவள் காகிதத்தைத் தொடவேயில்லை.

"மன்னிப்பா? திருடினவளுக்குத்தான மன்னிப்பு? நான் எத எடுத்தேன்?"

ஆடமின் உடம்பைச் சொன்னேன். நாள் குறைவு என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் வாய் மட்டும் பழைய வாய்தான்.

"அவனுக்கும் அதத்தான் சொல்லி அனுப்பினேன். நீ திருடியா வந்து எனக்குக் கஞ்சி ஊத்த வேணாம், கிரிஸலா வான்னு அவனே சொல்லி விட்டிருக்கான். கேட்டுப் பாருங்க. முரசடிச்சுத்தான என்னத் திருடின்னு சொன்னீங்க? முரசடிச்சு இல்லன்னு சொல்லுங்க. அப்பறம் வாரேன். அதுவரைக்கும் அவன் சாகமாட்டான். சாகட்டும் பாப்போம்!"

ஆடமிடம் கேட்டேன். ஆமாம், நான்தான் சொல்லி விட்டேன் என்று தலையை ஆட்டினான். பேச மூச்சு இல்லை.

12. ஆகவே ஐயா, நான் கேட்பது மன்னிப்பு அல்ல. அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. 1741 அக்டோபர் 20-ம் தேதித் தீர்ப்பு முதல் எழுத்திலிருந்தே பொய் என்று தாங்கள் அறிவிக்க வேண்டும். வரும் வியாழக்கிழமை சந்தை நாள். அன்று நண்பகலில், அதே சந்தைச் சிலுவையில், அதே முரசை அறைந்து இந்த மனுவை முழுவதும் வாசிக்க உத்தரவிட வேண்டும். எட்டாம் பத்தியை விட்டுவிடக் கூடாது. வாசிக்கும்போது நான் தொப்பியில்லாமல் பக்கத்தில் நிற்பேன். பிறகு முரசு, அவள் அன்று நடந்த அதே தெருக்களின் வழியாக ஓடைவரை போகட்டும். நான் அதன் பின்னால் நடந்து வருகிறேன். கூட்டம் என்ன எறிந்தாலும் காவலர்கள் தடுக்க வேண்டாம்.

பொய்ச் சத்தியம் செய்ததற்கும், உண்மையை மறைத்ததற்கும் என்ன தண்டனையோ அதைத் தாங்கள் விதியுங்கள். வழக்கு நடத்த வக்கீல் வைக்கமாட்டேன். பதவியில் இருந்த காலத்தில் எனக்குச் சாதகமாக வேறு இரண்டு தீர்ப்புகளும் நான் கொடுத்திருக்கிறேன். அவற்றையும் திறந்து பார்க்க வேண்டுகிறேன். பிட்டில்லோ சொன்னதுபோல் ஒவ்வொருவராகத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வரட்டும். வரவேண்டியதுதான்.

காலதாமதம் மட்டும் செய்ய வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ஆடம் இன்னும் இரண்டு வாரம் தாங்கினால் அதிகம் என்கிறார் மருத்துவர். மழை தொடங்கினால் ஓடையும் ஏறிவிடும். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பது என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இம்மாவட்டத்தில் இல்லை.

13. கடைசியாக ஒன்று. இதைக் கோரிக்கை என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

கிரிஸலுக்கு முழங்காலில் வாதம். அக்டோபர் மாதத் தண்ணீரில் அவளை இறங்கவிடக் கூடாது. என் சாம்பல் நிறக் குதிரையை அக்கரைக்கு அனுப்புகிறேன். சாதுவான குதிரை. அதில் ஏறி வரச் சம்மதிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். "குதிரைக்கு என்மேல என்ன கோவம், அது கூட்டிட்டு வரட்டும்," என்றாள். ஆடமைப் போர்வையில் சுற்றி, உப்புத் தூக்கும் பலகையில் வைத்து இக்கரை வரை சுமந்துவருவதாக உப்புக்காரர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பகல் வெயிலில் அரைமணி நேரம் என்றால் பரவாயில்லை என்று மருத்துவரும் அனுமதித்துவிட்டார்.

புதிய சட்டத்தைத் தாங்களே எடுத்துப் பார்க்கலாம். நீதி வழங்கும் பதவிகளையும் கோட்டைக் காவலையும்தான் அது நீக்குகிறது. அங்கவடி பிடிக்கும் பதவியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். எங்கள் குடும்பத்தில் என் தந்தையோ பாட்டனாரோ அதை ஒருநாளும் செய்ததில்லை. எல்லை தாண்டி இம்மாவட்டத்துக்குள் வருகிற மன்னர் குதிரையை விட்டு இறங்கும்போது வலப்பக்க அங்கவடியைப் பிடிக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கடமை. வியாழக்கிழமை அதைக் கிரிஸலுக்குச் செய்ய எனக்கு அனுமதி தர வேண்டும். சாட்சிப் பொருளாக இத்துடன் ஒப்படைக்கும் வெள்ளி அங்கவடியை அன்று ஒருநாள் மட்டும் என் சேணத்தில் மாட்டத் தந்தால், மாலையே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அந்தப் பதவியில் எனக்கு ஒரு வசதி இருக்கிறது. குதிரையில் வருகிறவர் இடப்பக்கமாக இறங்குவார். அங்கவடியைப் பிடிக்கிறவன் மறுபக்கம் நிற்பான். இறங்குகிறவரின் முகத்தை அவன் பார்க்க வேண்டியதில்லை, அவரும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அன்று இடப்பக்கத்தில் ஆடம் இருப்பான்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படியக் காத்திருக்கும்,
நினியன் கார்மைல்
(பட்டப்பெயரால் கையெழுத்திடவில்லை, இது நானாகச் செய்ததற்கான புகார்.)

இடம்: நீதிமன்ற வாசல், கில்லோர்ன்
நாள்: 1748 அக்டோபர் 3

இணைப்பு:
1. வெள்ளி அங்கவடி ஒன்று, அறுந்த வாருடன். துலக்கவில்லை, கிடைத்தபடியே இருக்கிறது.
2. மார்ச் 24-ல் வாசிக்காமல் விட்ட உத்தரவு, மடிப்போடு.